கொத்தனாரின் மறுதலை

புது வீட்டுக்கு அஸ்திவாரம் எடுக்கும் காலையில் கொத்தனார் முதலில் கையில் எடுப்பது நூல்கண்டைத்தான். நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்து நூலை இழுத்துக் கட்டுகிறார். பிறகு ஒரு மூலையில் குனிந்து உட்கார்ந்து, ஒரு பக்கத்து நூலில் 3 அடி தள்ளி ஓர் அடையாளம், அடுத்த பக்கத்து நூலில் 4 அடி தள்ளி ஓர் அடையாளம் வைக்கிறார். இரண்டுக்கும் நடுவே டேப்பைப் பிடித்தால் சரியாக 5 அடி வர வேண்டும். கூடினால் முளையை உள்ளே தட்டுகிறார். குறைந்தால் வெளியே நகர்த்துகிறார். கடைசியாக மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு முறை அளந்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்த பிறகுதான் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கோடு போடச் சொல்கிறார்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை பக்கத்தில் நின்றால், “இது பிதாகரஸ் தேற்றம்” என்று உடனே சொல்லிவிடும். ஏறக்குறையச் சரி. ஆனால் பிதாகரஸ் தேற்றம் சொல்வது வேறு: முக்கோணத்தில் செங்கோணம் இருந்தால், பக்கங்களின் வர்க்கங்கள் இப்படி அமையும் என்கிறது அது. கொத்தனாரிடம் செங்கோணம் இன்னும் இல்லை. அதைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் கையில் இருப்பவை 3, 4, 5 என்ற நீளங்கள். நீளங்கள் இப்படி அமைந்தால் மூலை செங்கோணமாகத்தான் இருந்தாக வேண்டும் என்பது அந்தத் தேற்றத்தின் மறுதலை. கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்டிரியாவில் ‘மூலங்கள்’ நூலை எழுதிய யூக்ளிட், முதல் புத்தகத்தின் 47-வது கூற்றாகத் தேற்றத்தையும் 48-வது கூற்றாக மறுதலையையும் தனித்தனியே நிரூபித்தார். ஒன்றை நிரூபித்ததாலேயே இன்னொன்று கிடைத்துவிடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

குறுக்களவு பார்ப்பதும் மறுதலைதான். செவ்வகம் என்றால் மூலைவிட்டங்கள் சமம் என்பது தேற்றம். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்களும் சமமாக வந்தால் அது செவ்வகம் என்பது கொத்தனாருக்கு வேண்டிய வாசகம். ஆறாம், ஏழாம் வகுப்பில் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, அளவுகோலை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் ஓரமாக மூலைமட்டத்தை நகர்த்தி இணைகோடு வரைகிறார்களே, அந்தப் பிள்ளைகள் செய்வதும் இதையேதான். மூலைமட்டம் நகர்ந்தாலும் அளவுகோலோடு அது காட்டும் கோணம் மாறுவதில்லை. அளவுகோல் குறுக்குவெட்டி, வரைந்த இரண்டு கோடுகளிலும் ஒத்த கோணங்கள் சமம், ஆகவே கோடுகள் இணை. ஒரு நிரூபணம் முழுக்கக் கையாலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதைச் சொல்லாக்கி நோட்டில் எழுதச் சொன்னால் மட்டும் வகுப்பு மௌனமாகிவிடுகிறது.

அந்த மௌனம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வடிவியல் நிரூபணம் என்றால் பெரும்பாலும் ஐந்து மதிப்பெண் வினா: தேல்ஸ் தேற்றத்தை எழுதி நிரூபிக்க, பிதாகரஸ் தேற்றத்தை எழுதி நிரூபிக்க. எது வரும் என்பது முன்பே தெரியும். மாணவர்கள் அதைச் செய்யுள் போல மனப்பாடம் செய்கிறார்கள். கூற்று ஒரு பத்தி, காரணம் ஒரு பத்தி என்று கோடு போட்ட அட்டவணை அப்படியே தாளில் இறங்குகிறது. தேல்ஸ் தேற்றத்தின் அட்டவணை தொடங்குவதே ‘இணைகோடுகள், ஆகவே ஒத்த கோணங்கள் சமம்’ என்ற வரியில்தான். அந்த வரியை எழுதிய பிள்ளையிடம் முக்கோணத்தின் பெயரை ஏபிசி-யிலிருந்து பிக்யூஆர் என்று மாற்றிக் கொடுத்தால் தடுமாறுவதைக் கணித ஆசிரியர்கள் பலரும் கண்டிருப்பார்கள். எழுத்து மாறினால் கலையும் நிரூபணம் மனதில் இருந்ததே இல்லை. அது கையில் மட்டும் இருந்தது.

செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண். வடிவொத்த முக்கோணம் வரையும் கணக்கில் இணைகோடு வரைவதுதான் உயிர்நாடி. உதவிப்படம் இருக்கிறதா, அளவு சரியா, வில் வெட்டிய தடம் தெரிகிறதா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். இந்த இடத்தில் இணைகோடு வரைந்தால் முக்கோணம் ஏன் அதே வடிவத்தில் அமைகிறது என்று ஒரு வரி கேட்பதில்லை. வரைவது ஒரு வினா, நிரூபிப்பது வேறொரு வினா என்று பிரித்துவைத்ததில் இரண்டுக்கும் நடுவே இருந்த உறவு அறுந்துபோய்விட்டது.

பெரிய தேற்றங்களுக்குப் போகும் முன், ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, வெறும் கோடுகளை வைத்தே பிள்ளைகள் நிறைய நிரூபித்துப் பழக வேண்டும். இணைகோடும் செங்குத்துக்கோடும் இதற்கு வாய்த்த களம். தேவைப்படும் சரக்கு மிகக் குறைவு: நேர்கோட்டின் மேல் அமையும் கோணங்களின் கூடுதல் 180 பாகை, குத்தெதிர்க் கோணங்கள் சமம், குறுக்குவெட்டி உண்டாக்கும் ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட உட்கோணங்கள், ஒரே பக்கத்து உட்கோணங்கள். இந்த ஐந்து வாசகங்களை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை, யாரும் சொல்லித் தராத ஒன்றைத் தானே கண்டுபிடித்து எழுத முடியும். பாடத்திட்டத்தில் அந்த அனுபவத்தை இவ்வளவு மலிவாகத் தரும் இடம் வேறு இல்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். க, ச என்ற இரண்டு கோடுகள். இரண்டும் ட என்ற மூன்றாவது கோட்டுக்குச் செங்குத்து. க, ச இரண்டும் இணை என்று நிரூபிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் பலகைக்கு வரும் மாணவர் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்: “க, ச இணைகோடுகள். ஆகவே ஒத்த கோணங்கள் சமம். இரண்டும் 90 பாகை. ஆகவே க, ச இணை.” ஒவ்வொரு வரியும் உண்மை. படத்தில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியில் கையில் எடுத்துக்கொண்டாயிற்று. கொடுக்கப்பட்டது செங்குத்து மட்டுமே. அதிலிருந்து இரண்டு கோணமும் 90 என்று வர வேண்டும். ஆகவே ஒத்த கோணங்கள் சமம். அதன் பிறகுதான் இணை என்ற சொல் வாயில் வரலாம். வரிகள் அதே வரிகள், வரிசை மட்டும் வேறு. அந்த வரிசைக்குள்தான் முழு நிரூபணமும் இருக்கிறது.

இந்தத் தவறைச் செய்யும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் ஆசிரியர் ஒரு நிமிடம் வரலாற்றைப் பார்க்க வேண்டும். இதே தவறைச் செய்தவர்களின் வரிசை மிகப் பெரியது. யூக்ளிட்டின் ஐந்தாவது எடுகோள் இணைகோடுகளைப் பற்றியது: இரண்டு கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது ஒரு பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் இரண்டு செங்கோணத்துக்குக் குறைவாக இருந்தால், அந்தப் பக்கமாக நீட்டிக்கொண்டே போனால் கோடுகள் சந்திக்கும். மற்ற நான்கு எடுகோள்களும் சட்டென்று ஒப்புக்கொள்ளக் கூடியவை. இது மட்டும் நீளமானது. பார்வைக்கே ஒரு தேற்றம் மாதிரி இருக்கிறது. இதை மற்ற நான்கிலிருந்து நிரூபித்துவிட வேண்டும் என்று அறிஞர்கள் 2,000 ஆண்டுகளுக்கு மேல் முயன்றார்கள். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் புரோக்ளஸ், பின்னர் பாரசீகத்தில் உமர் கய்யாம், நசீருத்தீன் தூசி, பிரான்ஸில் லெஜான்டர். ஒவ்வொரு முயற்சியிலும் எங்கோ ஒரு வரியில், நிரூபிக்க வேண்டியதே வேறு உடை உடுத்திக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தது. லெஜான்டர் தம் பாடநூலின் பதிப்புக்குப் பதிப்பு புதுப்புது நிரூபணம் எழுதிப் பார்த்தார். இத்தாலியின் சக்கேரி 1733-ல் எடுகோளைத் தவறென்று வைத்துக்கொண்டு, முரண்பாடு எங்கே வருகிறது என்று தேடிப் பக்கம் பக்கமாக எழுதினார். உண்மையான முரண்பாடு வரவில்லை. அவர் கண்டவை எல்லாம் ஒரு புதிய வடிவியலின் தேற்றங்கள் என்பது பின்னால்தான் விளங்கியது. 1829-ல் ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும் 1832-ல் ஹங்கேரியின் யானோஷ் போயாயும் தனித்தனியே அதை வெளியிட்டார்கள். ஐந்தாவது எடுகோள் இல்லாமலும் ஒழுங்கான வடிவியல் ஒன்று நிற்கும்.

இதில் பள்ளிக்கூடத்துக்கு நேரடியாக வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ‘ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானால் கோடுகள் இணை’ என்பது யூக்ளிட்டின் 27-வது கூற்று. அதை நிரூபிக்க ஐந்தாவது எடுகோள் தேவையில்லை. ‘கோடுகள் இணையானால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்’ என்பது 29-வது கூற்று. யூக்ளிட் ஐந்தாவது எடுகோளை முதன்முதலாகக் கையில் எடுப்பது அங்கேதான். அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். போயாயின் வடிவியலில் முதல் வாசகம் உண்மை, இரண்டாவது பொய். பரீட்சைத் தாளில் நம் பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதும் இரண்டு வாசகங்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது. ‘ஒத்த கோணம், ஆகவே இணை’, ‘இணை, ஆகவே ஒத்த கோணம்’ இரண்டும் ஒன்றுதானே என்று அரை மதிப்பெண் குறைக்காமல் விடும் ஆசிரியர் இரக்கப்பட்டு விடுவதாக நினைக்கலாம். உண்மையில் அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய மிக நல்ல விஷயத்தை அவர் மறைத்துவிடுகிறார்.

இணைகோடு என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் தண்டவாளத்தைச் சொல்வார்கள். தண்டவாளம் என்றதும் மனதில் வருவது சம இடைவெளி. இந்திய அகல ரயில் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர்; அது எந்த இடத்தில் அளந்தாலும் அதேதான், அதுவும் தண்டவாளத்துக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். பாடநூல் சொல்வதோ ‘ஒரே தளத்தில் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத கோடுகள்’. சந்திக்காமல் இருப்பதும் சம இடைவெளியில் இருப்பதும் ஒன்றா? பண்டைய கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் சம இடைவெளியையே இணைகோட்டின் வரையறையாக வைத்தார் என்று புரோக்ளஸ் குறித்திருக்கிறார். யூக்ளிட் அப்படி வைக்கவில்லை. அவர் வழியில் போனால் சம இடைவெளி என்பது நிரூபிக்க வேண்டிய ஒன்று: இணைகோடுகளில் ஒன்றின் மேல் இரண்டு புள்ளிகளிலிருந்து மற்றதற்குச் செங்குத்து இறக்கி, அந்த இரண்டு செங்குத்துகளும் சமம் என்று காட்ட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டக்கூடிய நிரூபணம் அது. தண்டவாளத்தைச் சொன்ன குழந்தை தவறாகச் சொல்லவில்லை. ஒரு தேற்றத்தை வரையறை என்று நினைத்துவிட்டது, அவ்வளவுதான். அந்த இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

பூகோள உருண்டை ஒன்று வகுப்பில் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாத் தீர்க்கரேகைகளும் நிலநடுக்கோட்டுக்குச் செங்குத்து. ஒரே கோட்டுக்குச் செங்குத்தான இரண்டு கோடுகள் இணை என்று இப்போதுதான் நிரூபித்தோம். ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தில் போய்ச் சந்திக்கின்றன! இதை எடுத்துக்காட்டினால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். நிரூபணம் தவறா? இல்லை. நிரூபணம் தட்டையான தளத்துக்கு, உருண்டைக்கு அல்ல. எந்த வரியில் ‘தட்டை’ என்ற நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லலாம். அந்தத் தேடல் ஒரு வாரம் ஓடினாலும் நேரம் வீணாகாது.

“படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, இதற்கு எதற்கு நிரூபணம்?” என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குச் சிறந்த பதில், கண் ஏமாறும் இடத்தைக் காட்டுவது. ஜெர்மானிய வானியலாளர் சோல்னர் 1860-ல் வெளியிட்ட படத்தில் நீளமான இணைகோடுகளின் மேல் சின்னச் சின்னச் சாய்கோடுகள் குறுக்கே ஓடும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் நீளக்கோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வதாகவே கண் சொல்லும். அளவுகோலை வைத்தால் சாயவில்லை. சரி, அளந்தால் போதுமே என்றால், பாகைமானியோடு ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் நாற்பது பிள்ளைகள் அளந்து கூட்டட்டும். 179, 181, 180, 178 என்று வரும். எது சரி என்று வாக்கெடுப்பு நடத்த முடியாது. உச்சிப்புள்ளி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு போட்டால் இரண்டு ஒன்றுவிட்ட கோணங்கள் மேலே வந்து உட்கார்ந்து, மூன்றும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்துவிடுகின்றன. அத்தோடு அளவெடுப்பு முடிகிறது, எந்த முக்கோணத்துக்கும்.

அதே ஒன்றுவிட்ட கோணம்தான் பூமியின் சுற்றளவையும் சொன்னது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ், கோடைகாலத்தில் சூரியன் உச்சிக்கு வரும் நாளின் நண்பகலில் சையீன் நகரில் நிழல் விழவில்லை, அலெக்சாண்டிரியாவில் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கோணத்துக்கு நிழல் சாய்கிறது என்பதை எடுத்துக்கொண்டார். சூரியக் கதிர்கள் இணை என்று கொண்டால், நிழல் காட்டும் கோணமும் பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களும் உண்டாக்கும் கோணமும் சமம். ஊர்களின் இடைவெளியை ஐம்பதால் பெருக்கினால் போதும்.

இன்னொரு மறுப்பும் வரும், அது நம் ஊர் மறுப்பு. ராமானுஜன் நிரூபணமா எழுதிக்கொண்டிருந்தார்? கும்பகோணத்தில் அவருக்குக் கிடைத்த, கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூலில் முடிவுகள்தான் வரிசையாக இருந்தன. அவர் நோட்டுப் புத்தகங்களும் அப்படியே அமைந்தன. உண்மை. அந்த நோட்டுகளில் உள்ளவற்றை நிரூபித்துத் தொகுக்க அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட்டுக்கு ஐந்து தொகுதிகள் தேவைப்பட்டன. அவை 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஹார்டி ராமானுஜனோடு உட்கார்ந்து செய்த வேலையில் பெரும்பங்கு நிரூபணம் பற்றியதுதான். ராமானுஜனைக் காட்டி நிரூபணத்தைத் தவிர்க்கச் சொல்பவர்கள், அந்த வேலையைச் செய்தவர்களை மறந்துவிடுகிறார்கள்.

நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த பியர் வான் ஹீலே, தீனா வான் ஹீலே தம்பதியர் 1957-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேடுகளை முடித்தார்கள். வடிவியல் கற்பதில் அவர்கள் கண்ட படிகள் இவை: குழந்தை முதலில் உருவத்தை முழுதாகப் பார்த்து அடையாளம் காண்கிறது. பிறகு அதன் பண்புகளைக் கவனிக்கிறது. பிறகு ஒரு பண்பிலிருந்து இன்னொன்று வருவதைக் காண்கிறது. அதற்குப் பின்தான் நிரூபணம். ஆசிரியர் நான்காவது படியில் நின்று பேச, பிள்ளை இரண்டாவது படியில் நின்று கேட்டால், மனப்பாடத்தைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. நம் பத்தாம் வகுப்பில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஏழாம் வகுப்பில் குறுக்குவெட்டிப் பாடத்தில் ‘கோணத்தின் மதிப்பைக் காண்க’ என்ற கணக்குகளோடு நிறுத்திவிட்டு, பத்தாம் வகுப்பில் திடீரென்று ‘நிரூபிக்க’ என்கிறோம். நடுவில் இருக்க வேண்டிய படிகள் இல்லை.

அந்தப் படிகளைக் கட்டுவதற்குப் பணம் வேண்டாம். ஒரு நிரூபணத்தின் ஆறு வரிகளையும் தனித்தனிக் காகிதத் துண்டுகளில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, நான்கு நான்கு பேராக உட்கார்ந்து வரிசைப்படுத்தச் சொல்லலாம். வாக்குவாதம் தானாகவே வரும். வேண்டுமென்றே கோணலாக வரைந்த படத்தைப் பலகையில் போட்டு, கொடுக்கப்பட்டதை மட்டும் நம்பி எழுதச் சொல்லலாம். காரணம் எழுதும் பத்தியை மட்டும் காலியாக விட்டுக் கொடுக்கலாம். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் “இதைத் திருப்பிப் போட்டால் உண்மையா?” என்று கேட்பதை வழக்கமாக்கலாம். கைப்பேசியில் ஜியோஜிப்ரா என்ற வடிவியல் செயலி இருந்தால் புள்ளியை இழுத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டாலும் கெட்டுப்போகாது. ஆனால் வினாத்தாள் மாறாமல் இதெல்லாம் வகுப்பில் நிலைக்காது. பாடநூலில் இல்லாத ஒரு சிறு நிரூபணம், மூன்று நான்கு வரிகளில் முடியக் கூடியது, கோடுகளும் கோணங்களும் மட்டும் உள்ளது, ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் ஆண்டுதோறும் கட்டாயமாக வர வேண்டும். முடிவு வராவிட்டாலும் சரியான காரணம் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு வினா எப்படி இருக்கும்? இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டுகிறது. ஒரே பக்கத்து உட்கோணங்கள் இரண்டையும் சரிபாதியாக வெட்டும் கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து என்று காட்டுக. உட்கோணங்களின் கூடுதல் 180, பாதிகளின் கூடுதல் 90, முக்கோணத்தில் மிச்சம் 90. மூன்றே வரி. இணையிலிருந்து செங்குத்து பிறந்துவிட்டது. திருப்பிப் போட்டாலும் உண்மை. அதையும் மூன்று வரியில் எழுதலாம்.

அல்லது இது. மேலே ஒரு கோடு, கீழே அதற்கு இணையாக ஒரு கோடு, நடுவே இடப்பக்கமாக ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து மேற்கோட்டுக்கு ஒரு கோட்டுத்துண்டு, கீழ்க்கோட்டுக்கு ஒன்று, நண்டின் கொடுக்கு விரிந்த மாதிரி. மேலே அது கோட்டோடு 40 பாகையில் சாய்கிறது, கீழே 35. கொடுக்கின் விரிவு எவ்வளவு? பிள்ளைகள் முதலில் பாகைமானியைத் தேடுவார்கள். பிறகு முக்கோணம் எங்கே என்று தேடுவார்கள். முக்கோணம் இல்லை. யாராவது ஒருவர், பின்பெஞ்சில் இருந்துகூட, அந்தப் புள்ளி வழியாக மூன்றாவதாக ஓர் இணைகோடு போட்டுப் பார்ப்பார். கொடுக்கு இரண்டாகப் பிளந்து, மேலே 40, கீழே 35, ஒன்றுவிட்ட கோணங்களாக வந்து நிற்கும். 75. கணக்கில் இல்லாத கோட்டைப் போட்ட அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த ஆசிரியர்கள் அதை மறப்பதில்லை. அடுத்த கேள்வி பெரும்பாலும் வகுப்பிலிருந்தே வரும்: புள்ளி இரண்டு கோட்டுக்கும் நடுவில் இல்லாமல் கீழே இறங்கிப் போய்விட்டால்? திரும்பவும் அதே இணைகோட்டைப் போடுகிறார்கள். இப்போது 40-ம் 35-ம் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே பக்கம் படிகின்றன. கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டியிருக்கிறது. கொடுக்கின் விரிவு 5 பாகை. காரணம் எழுதும் பத்தியில் மட்டும் முன்பு எழுதியதே வருகிறது: ஒன்றுவிட்ட கோணங்கள்.